சர்க்கார் வக்கீல் – 9: மூன்றாவது நாற்காலி

போன வாரம் மணியாச்சி பிளாட்பாரத்தில் கதையை நிறுத்தியிருந்தேன். 1911 ஜூன் 17, சனிக்கிழமை, காலை பத்தரையைத் தாண்டிச் சில நிமிஷம். முதல் வகுப்புப் பெட்டியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், கூட மனைவி மேரி. கொடைக்கானலில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காக வண்டி நிற்கிறது. குடுமி வைத்த ஓர் இளைஞன் பெட்டிக்குள் ஏறுகிறான்.

ஒரே குண்டு. ஆஷ் சாய்ந்தார். இளைஞன் இறங்கி ஓடிப் பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் புகுந்தான். துரத்திப் போனவர்கள் வாசலில் தயங்கி நின்றபோது உள்ளே இன்னொரு சத்தம். செங்கோட்டை வாஞ்சி, புனலூர்க் காட்டு இலாகாவில் வேலை பார்த்தவர், வாயில் சுட்டுக்கொண்டு கிடந்தார். சட்டைப் பையில் ஒரு கடிதம். ஐந்தாம் ஜார்ஜ் இந்த மண்ணில் கால் வைத்தால் கொல்ல 3000 பேர் சபதம் செய்திருக்கிறார்கள் என்றது அது.

சுட்டவர் செத்துவிட்டார். இனி யார் மேல் வழக்கு? அந்த வழக்கைக் கேட்க சென்னையில் மூன்று நாற்காலிகள் போட்டார்கள். மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் நம் கதாநாயகர்.

அவரிடம் போவதற்கு முன்னால் இந்த ஊரைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கடையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். செங்கோட்டையிலிருந்து தென்காசி, கீழக்கடையம், அம்பாசமுத்திரம் என்று திருநெல்வேலி போய், அங்கிருந்து மணியாச்சி: ரயில் தடம் இதுதான். அன்றைக்கு மீட்டர் கேஜ்; போட்டு ஏழெட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இந்த வழக்கு முழுவதுமே ஒரு வகையில் இந்தத் தடத்தை ஒட்டி நடந்ததுதான். 1910 ஏப்ரலில் தென்காசியில், மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை வீட்டில், பின்னால் இந்த வழக்கில் கூண்டில் ஏறிய நீலகண்ட பிரம்மச்சாரி ஒரு கூட்டம் நடத்தினார். நடுவில் காளி படம். குங்குமம் கரைத்த தண்ணீரை வெள்ளைக்காரன் ரத்தம் என்று சொல்லிக் குடித்தார்கள். கட்டைவிரலைக் கீறி, கசிந்த ரத்தத்தில் ஒப்பம் வைத்தார்கள். வெளியே எப்போதும்போலக் குற்றாலக் காற்று வீசியிருக்கும். அடுத்த தெருவில் யாராவது சாயங்கால விளக்கை ஏற்றிக்கொண்டிருந்திருப்பார்கள்.

மணியாச்சிக்குப் பிறகு போலீஸ் இதே தடத்தில் ஊர் ஊராக இறங்கியது. செங்கோட்டை தர்மராஜ ஐயர் பிடிபடும் முன்பே விஷம் குடித்தார். புனலூர் வெங்கடேஸ்வர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டார். வாஞ்சியோடு அன்று பிளாட்பாரத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டப்பிடாரம் மாடசாமி காணாமல் போனவர்தான். கடைசி வரை அகப்படவில்லை. மிஞ்சியவர்களில் 14 பேர் கூண்டில் ஏறினார்கள். ஆறுமுகம் பிள்ளையும் சோமசுந்தரம் பிள்ளையும் அப்ரூவர் ஆகி, கூட்டாளிகளுக்கு எதிராகவே சாட்சி சொன்னார்கள்.

அப்ரூவர் என்றதும் தென்காசி கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் ஞாபகம் வருகிறார். கீழக்கடையம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில்தான் சந்திப்போம். “பி.பி.ன்னா, அதான் பப்ளிக் பிராசிக்யூட்டர்னா, போலீசுக்கு வக்கீல்னு நெனச்சுக்கிட்டு இருக்காவ தம்பி. அது தப்பு. அவரு சர்க்காருக்கு வக்கீல். போலீசு கொண்டாந்த கட்டுல ஓட்டை இருந்தா, மொதல்ல அவரு கண்ணுலதான் படணும். பட்டாப்புறம் என்ன செய்தாருங்கறதுலதான் ஆளு யாருன்னு தெரியும்.” அப்ரூவர் சாட்சியைப் பற்றியும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. “பழைய சாட்சியச் சட்டத்து 133-ம் பிரிவு, ஒத்தைக் கூட்டாளி சொன்னா போதும்னு சொல்லிச்சு. 114, அவன் பேச்சை அப்படியே நம்பாதன்னு சொல்லிச்சு. ரெண்டுக்கும் நடுவுல நடக்கது கம்பி மேல நடக்க மாதிரி.”

அந்தக் கம்பியில் வாழ்நாள் பாதி நடந்தவர்தான் நம் கதாநாயகர், சேற்றூர் சங்கரன் நாயர். நம் ராஜபாளையம் பக்கத்துச் சேத்தூர் அல்ல. இது மலையாளத் தறவாட்டுப் பெயர். 1857-ல் பாலக்காட்டை அடுத்த மங்கரையில் பிறந்தார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது; அப்பா தாசில்தார். சென்னை பிரசிடென்சி கல்லூரிப் படிப்பு, பிறகு சட்டம், 1880-ல் ஹைகோர்ட்.

தொழிலுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே சக வக்கீல்களோடு முட்டிக்கொண்டார். வெள்ளைக்கார பாரிஸ்டருக்கு இந்திய வக்கீல் யாரும் ஜூனியராகப் போகக் கூடாது என்று சென்னை வக்கீல்கள் தீர்மானம் போட்டார்கள். சுயமரியாதைத் தீர்மானம்தான். நாயர் மட்டும் மாட்டேன் என்றார். யாரை வைத்துக்கொள்வது என்பது கட்சிக்காரர் பாடு, யாரோடு வேலை செய்வது என்பது என் பாடு, இதில் சங்கத்துக்கு என்ன வேலை என்பது அவர் வாதம். ஒதுக்கி வைத்தார்கள். அவர் அசையவில்லை. ஒரு கூட்டமே சேர்ந்து ஒரு பக்கம் நின்றால் எதிர்ப்பக்கம் போய் நிற்கிற சுபாவம். சரியான பக்கமா, தவறான பக்கமா என்பது அப்புறம். இந்தச் சுபாவத்தை வாசகர்கள் மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் வரை இது கூட வரும்.

1897-ல் அமராவதி காங்கிரசுக்குத் தலைவரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே மலையாளி இன்றுவரை அவர்தான். சுயாட்சி பற்றியும் அதிகாரிகளின் திமிரைப் பற்றியும் பேசினார். இரண்டே வருஷம் கழித்து, 1899-ல், என்ன செய்தார் தெரியுமா? சென்னை சர்க்காரின் பிளீடராகவும் பப்ளிக் பிராசிக்யூட்டராகவும் பதவி ஏற்றார்! காங்கிரஸ் மேடையில் யாரைக் குறை சொன்னாரோ அதே துரைத்தனத்துக்காக, அதே ஊர் கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடப் போனார்.

இன்றைய அளவுகோலால் பார்த்தால் இது கட்சி தாவல். அன்று அப்படிப் பார்க்கவில்லை. காங்கிரஸ் என்பது டிசம்பரில் மூன்று நாள் கூடிக் கலைகிற சபை. மிச்ச நாளெல்லாம் அதில் இருந்தவர்கள் வக்கீல்கள். ஹைகோர்ட் நீதிபதி நாற்காலிக்குப் போகிற படிக்கட்டில் சர்க்கார் வக்கீல் பதவி ஒரு நல்ல படி. நாயர் மேலே போக ஆசைப்பட்டார், அதை அவர் மறைத்ததும் இல்லை. இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆசையே இல்லாதவர்போலக் காட்டிக்கொண்டு ஏறியவர்களைவிட இவர் தேவலை.

ஏழெட்டு வருஷம் அந்தப் பதவி. நடுநடுவே தற்காலிக நீதிபதி, பிறகு அட்வகேட் ஜெனரல். நிரந்தர நாற்காலி மட்டும் தள்ளிக்கொண்டே போனது. சென்னை வக்கீல் உலகம் அப்போது இரண்டாகக் கிடந்தது. மயிலாப்பூர்க் கோஷ்டிக்கு வி. கிருஷ்ணசாமி ஐயர், எழும்பூர்க் கோஷ்டிக்கு நாயரும் கஸ்தூரிரங்க ஐயங்காரும். ஒரு பதவி காலியானால் இரண்டு பேட்டையிலும் விளக்கு அணையாது. இந்தக் கிருஷ்ணசாமி ஐயர்தான், மிதவாதியாக இருந்தும், பாரதியின் பாட்டுகள் மூன்றை 1907-ல் சொந்தக் காசில் 15,000 பிரதி அச்சடித்து இலவசமாக வழங்கியவர். பாரதி என்ற பெயர் இந்தக் கதையில் இன்னும் இரண்டு முறை வரும்.

1908-ல் நாற்காலி கிடைத்தது. அதே 1908-ல்தான் திருநெல்வேலி எரிந்தது. மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள், ஊர் கொதித்தது. ஜூலை 7-ல் பின்ஹே துரை வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். அவர் நடத்திய சுதேசிக் கப்பல் கம்பெனி நொடித்தது. அப்போது தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்தவர் ஆஷ். அவர் மேல் கனன்ற நெருப்பு மூன்று வருஷம் கழித்து மணியாச்சியில் வெடித்தது.

இப்போது நாற்காலிக்கு வருவோம்.

வழக்கு சென்னை ஹைகோர்ட்டில். 1908-ம் வருஷத்துச் சட்டப்படி மூன்று நீதிபதிகள் கொண்ட விசேஷ பெஞ்ச், ஜூரி கிடையாது. நடுவில் தலைமை நீதிபதி சர் ஆர்னல்டு வைட். ஒரு பக்கம் ஏலிங். இன்னொரு பக்கம் நாயர். எதிரிகள் தரப்பில் நின்ற வக்கீல்களில் ஒருவர் த. பிரகாசம், பின்னாளில் சென்னை மாகாணப் பிரதமர் ஆனவர். சர்க்கார் தரப்பில் பப்ளிக் பிராசிக்யூட்டர் நேப்பியர். நாயர் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு, நாயரைப் பார்த்தே வாதாடுகிறார்! சமையல் செய்தே பழகியவருக்குப் பந்தியில் இலை போட்டது மாதிரி. எந்தக் கறியில் உப்பு குறைகிறது, எது நேற்றைய குழம்பு என்று முதல் கவளத்திலேயே தெரிந்துபோகும்.

ஆனாலும் அவர் நிலைமை சுலபம் அல்ல. மூவரில் ஒரே இந்தியர். விடுதலை செய்தால் வெள்ளைக்காரர்கள் அந்தப் பழைய காங்கிரஸ் தலைவர் புத்தி என்பார்கள். தண்டித்தால் ஊரார் என்ன சொல்வார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

1912 பிப்ரவரி 15-ல் தீர்ப்பு. 14 பேரில் ஒன்பது பேருக்குத் தண்டனை. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம். வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு. கொலைக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை; அரசருக்கு எதிரான சதிதான் நின்றது. தூக்குக் கயிறு யாருக்கும் இல்லை.

நாயர் தனியாகத் தீர்ப்பு எழுதினார். அப்ரூவர்கள் சொன்னதை மட்டும் வைத்து அவர் எழுதவில்லை. இந்த இளைஞர்கள் இங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பின்னோக்கிப் போனார். தூத்துக்குடி, சுதேசிக் கப்பல், 1908 கைதுகள் என்று காரணங்களைத் தேடிக்கொண்டு போனார். அந்த வழியில் பாரதியின் பாட்டு ஒன்று ஆங்கில உடையில் தீர்ப்புக்குள் நுழைந்துவிட்டது! புதுச்சேரியில் ஒளிந்து வாழ்ந்த கவிஞன் சென்னை ஹைகோர்ட் ஏட்டில் ஏறியது இப்படித்தான். மயிலாப்பூர் அச்சடித்தது, எழும்பூர் பதிவு செய்தது.

அதே 1912-ல் நாயருக்கு சர் பட்டம் வந்தது. தீர்ப்புக்குக் கிடைத்த கூலி என்று சொல்பவர்கள் உண்டு. தூக்குக்கு அனுப்பாத நீதிபதிக்கு எந்த சர்க்காரும் அதற்காகப் பட்டம் தராது என்பது என் கட்சி. ஹைகோர்ட் நாற்காலியில் உட்கார்ந்த பலருக்கும் வந்த பட்டம்தான் அது.

1915. படிக்கட்டின் கடைசிப் படி. வைஸ்ராயின் நிர்வாக சபையில் கல்வி உறுப்பினர். சின்ஹா, சையது அலி இமாம் ஆகியோருக்குப் பிறகு அந்த இடத்துக்குப் போன மூன்றாவது இந்தியர். டில்லியில் குளிர்காலம், சிம்லாவில் கோடைகாலம். மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். இந்தியா மந்திரி மாண்டேகு வந்து பேச்சு நடத்தியபோது இந்த மனிதரோடு பேசி மாளாது என்று டைரியில் நொந்துகொண்டார். குரல் உயர்த்திப் பேசுகிறார், விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார் என்று புகார். 1919-ல் சீர்திருத்தம் பற்றி சபை எழுதியவற்றின் அடியில் நாயர் மாறுபட்ட குறிப்புகளை எழுதிச் சேர்த்தார். மாண்டேகு நொந்துகொண்ட அதே குணம் இந்தியர்களுக்குப் பயன்பட்ட நேரம் அது.

பிறகு, ஏப்ரல் 13. அமிர்தசரஸ். ஜாலியன்வாலா பாக்.

பஞ்சாபில் ராணுவச் சட்டம். பத்திரிகைக்குப் பூட்டு. தெருவில் மனிதர்களை ஊர்ந்து போகச் செய்தார்கள். சேதி சொட்டுச் சொட்டாகத்தான் வெளியே கசிந்தது. வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னரின் பக்கம் நின்றார். அந்த சபையில் நாயரும் ஒரு நாற்காலி. நடந்ததற்கெல்லாம் சட்டப்படி அவரும் பங்காளி.

இதே மாதங்களில் கடையத்தில் யார் இருந்தார் என்று நினைத்துப் பாருங்கள். புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கடலூரில் பிடிபட்டு, 1918 டிசம்பரில் விடுதலையாகி, மாமனார் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார் பாரதி. எழுதியதைப் போலீசுக்குக் காட்டி ஒப்புதல் வாங்கித்தான் அச்சேற்றலாம் என்று கட்டுப்பாடு. நித்யகல்யாணி கோயில் பக்கம் தட்டப்பாறையில் போய் உட்கார்ந்திருப்பார் என்று இன்றைக்கும் கை நீட்டிக் காட்டுகிறார்கள். ஒரு பக்கம், எழுதிய பாட்டுக்காகக் கடையத்தில் கட்டுண்டு கிடக்கும் கவிஞன். இன்னொரு பக்கம், அந்தப் பாட்டைத் தீர்ப்பில் சேர்த்தவர், சிம்லா மலை மேல், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் சந்தித்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

ஜூலையில் நாயர் ராஜினாமா எழுதினார்.

மருமகன் கே.பி.எஸ். மேனன் சொன்ன கதை ஒன்று உண்டு. விடைபெறப் போன நாயரிடம் செம்ஸ்ஃபோர்டு, உங்கள் இடத்துக்கு யாரைப் போடலாம் என்று கேட்டாராம். நாயர் சுற்றிப் பார்த்தார். வாசலில் தலைப்பாகையும் சிவப்பு அங்கியுமாக ராம்பிரசாத் என்ற பியூன். அதோ அவரைப் போடுங்கள் என்று காட்டினாராம். உயரம், அழகு, உடுப்பும் பொருத்தம், எதைச் சொன்னாலும் சரி என்பார் என்று காரணமும் சொன்னாராம். செம்ஸ்ஃபோர்டு என்ன பதில் சொன்னார் என்று கதையில் இல்லை. சிரித்திருக்க வாய்ப்பில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் படிப்படியாக ஏறியவர் ஒரே கடிதத்தில் இறங்கிவிட்டார். கொஞ்ச நாளில் பஞ்சாபில் ராணுவச் சட்டம் விலகியது. பத்திரிகைத் தணிக்கையும் தளர்ந்தது. கதை இங்கே முடிந்திருந்தால் அவருக்கு ஊர் ஊராகச் சிலை இருந்திருக்கும். முடியவில்லை. அதற்கு அவரேதான் காரணம்.

1922-ல் ‘காந்தியும் அராஜகமும்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். நாடே காந்தி பின்னால் போன நேரத்தில் காந்திக்கு எதிராக! ஒத்துழையாமை நாட்டைக் குழப்பத்தில் தள்ளும் என்பது அவர் கட்சி. நேற்று மாலை போட்டவர்கள் இன்று முகம் திருப்பினார்கள். வக்கீல் சங்கத் தீர்மானத்தை மறந்துவிடவில்லையே நீங்கள்?

அந்தப் புத்தகத்தில், போகிற போக்கில், பஞ்சாபைப் பற்றியும் சில பத்திகள். அங்கே நடந்த கொடுமைகளுக்கு அன்றைய லெப்டினன்ட் கவர்னர் மைக்கேல் ஓ'டயர்தான் பொறுப்பு என்று எழுதியிருந்தார். (பெயர்க் குழப்பம் வேண்டாம்: சுட்டவர் ஜெனரல் டயர், மாகாணத்தை ஆண்டவர் ஓ'டயர்.) ஓ'டயர் லண்டனில் மானநஷ்ட வழக்குப் போட்டார். 2025-ல் வந்த ‘கேசரி 2’ இந்திப் படத்தில் அட்சய் குமார் நாயராக நின்று டயரையே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வார். தியேட்டரில் விசில் பறக்கும். நிஜத்தில் பிரதிவாதி நாயர். அதுவும் எதிராளியின் ஊரில்.

1924 ஏப்ரல் 30. கிங்ஸ் பெஞ்ச். நீதிபதி மக்கார்டி. நாயருக்காக எழுந்தவர் சர் வால்டர் ஷ்வாபே, அண்மையில்தான் சென்னைத் தலைமை நீதிபதி பதவியை விட்டு வந்தவர். ஆஷ் வழக்கில் ஜூரி இல்லை என்று சொன்னேன், இங்கே உண்டு. பன்னிரண்டு ஆங்கிலேயர்கள். ஐந்து வாரம் நடந்தது. ஜூரிகளுக்கு வழக்கைத் தொகுத்துச் சொன்னபோது மக்கார்டி, ஜெனரல் டயர் செய்தது சரி என்பது என் அபிப்பிராயம் என்றே சொன்னார். பழைய பப்ளிக் பிராசிக்யூட்டருக்கு அப்போதே தெரிந்திருக்கும் இது எங்கே போய் முடியும் என்று.

ஜூரிகள் உள்ளே போனார்கள். ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. பதினொரு பேர் ஓ'டயர் பக்கம். மாட்டேன் என்று நின்ற ஒரே ஆள் லண்டனில் பாடம் நடத்திய ஹெரால்டு லாஸ்கி. ஒருமனதாக இல்லாவிட்டால் வழக்கைப் புதிதாக நடத்தலாம். நாயர் விரும்பினால் இன்னொரு ஜூரி, இன்னொரு ஐந்து வாரம். அவர் வேண்டாம் என்றார். பெரும்பான்மை முடிவையே ஏற்கிறோம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள்.

நஷ்டஈடு 500 பவுண்டு. கோர்ட் செலவு சுமார் 7,000 பவுண்டு. அந்த நாள் கணக்கில் ஒரு குடும்பத்தையே கவிழ்க்கிற தொகை.

அப்போது ஓ'டயர் தரப்பிலிருந்து ஒரு சேதி வந்தது. பணம் ஒரு காசும் வேண்டாம், விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: நாயர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அறுபத்தாறு வயது. எதிரே ஒரு தாள். கையெழுத்துப் போட்டால் சொத்து தப்பும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மணியாச்சியில் கேட்ட துப்பாக்கிச் சத்தத்தோடு இந்தத் தொடரில் துப்பாக்கி ஓயவில்லை. ஓ'டயருக்காக ஒன்று, லண்டனிலேயே, பதினாறு வருஷம் காத்திருந்தது.

(தொடரும்)